வெருண்ட பிள்ளையை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

“டீச்சர், இவனை எங்க கூட்டிக்கொண்டு போறது?”

2019 மே மாதம். பாடசாலை வாசலில் பெற்றோர் முறைவைத்து நின்று பிள்ளைகளின் புத்தகப் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, மட்டக்களப்பு சீயோன் தேவாலய முற்றத்தில் குண்டு வெடித்து மூன்று நாலு கிழமைதான் ஆகியிருந்தது. அதே காலையில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், கொழும்பின் மூன்று ஹோட்டல்கள். நாடு முழுவதும் 260 பேருக்கு மேல் போனார்கள். சீயோனில் போனவர்களில் பலர் ஞாயிறு பாடசாலை முடிந்து, ஆராதனை தொடங்குமுன் முற்றத்தில் நின்று சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள்.

என்னிடம் கேட்ட தாயின் மகனுக்கு ஒன்பது வயது. அவன் அன்று தேவாலயத்தில் இல்லை. வீட்டில் இருந்தான், சத்தத்தைக் கேட்டான், ஓடிவந்தவர்களைப் பார்த்தான். அவனோடு ரியூசன் படித்த ஒரு பிள்ளை பிறகு வரவேயில்லை. அன்றிலிருந்து இரவில் திடுக்கிட்டு எழும்புகிறான். பாயில் சலம் போகிறான். முதுகில் பெரிய பை மாட்டிய ஆரையும் கண்டால் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைக்கிறான். படிப்பு நின்றுபோனது.

அந்தத் தாய்க்கு வழி சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. நிறையப் பேர் சொன்னார்கள், அதுதான் சிக்கல். தகப்பன் “கதைக்காம விடு, மறந்துபோவான்” என்றார். அம்மம்மா தண்ணீர் ஓதி நூல் கட்டச் சொன்னா. பக்கத்து வீட்டில் நித்திரைக் குளிசை எடுத்துத் தரலாம் என்றார்கள். ஒரு நிறுவனம் சனிக்கிழமைகளில் படம் கீறும் வகுப்பு நடத்தியது. வெளியூரிலிருந்து ஒருநாள் குழு ஒன்று வருவதாக அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார் இன்னொருவர். எல்லாரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் எல்லாம் ஒன்றல்ல. சிலது உதவும், சிலது காலம் பார்த்துச் செய்தால் உதவும், ஒன்றிரண்டு கெடுதல் செய்யும். ஆலோசனை ஆசிரியராகப் பல வருடம் இந்தப் பிள்ளைகளோடு இருந்ததால், அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வேறு ஊரில், வேறு கொடுமைக்குப் பிறகு, இதே கேள்வியோடு நிற்கும் ஒரு தாய்க்கோ அதிபருக்கோ உதவட்டும்.

தகப்பன் சொன்னதில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை. முதல் சில கிழமைகளில் நித்திரை குழம்புவதும், ஒட்டிக்கொண்டே திரிவதும், சத்தத்துக்கு நடுங்குவதும் நோயல்ல. கண்ட கொடுமைக்கு உடம்பு காட்டும் நேர்மையான பதில் அது. பெரும்பாலான பிள்ளைகள் வீடு அமைதியாக இருந்தால், ஒரே நேரத்துக்குச் சோறும் நித்திரையும் பாடசாலையும் கிடைத்தால், எந்தச் சிகிச்சையும் இல்லாமலே தெளிந்துவிடுகிறார்கள். ஆகவே காத்திருப்பது சரி. ஆனால் காத்திருப்பது வேறு, வாயடைப்பது வேறு.

1990இல் சத்துருக்கொண்டான், காத்தான்குடி, ஏறாவூர் படுகொலைகள் என்று இந்த மாவட்டம் ஒரே வருடத்துக்குள் எத்தனை இழவைக் கண்டது! அப்போது நான் சிறு பிள்ளை. வீட்டில் ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. நான் அறைக்குள் வந்தால் பெரியவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அவர்கள் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தார்கள். நானோ, நான் ஏதோ பிழை செய்துவிட்டேன், அதனால்தான் என்னைக் கண்டதும் வாயை மூடுகிறார்கள் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். சொல்லாத இடத்தைப் பிள்ளை வெறுமையாக விடாது, தன் கற்பனையால் நிரப்பும். அந்தக் கற்பனையில் குற்றவாளி பெரும்பாலும் அதுவேதான். “நான் அண்டைக்கு அவனோட சண்டை பிடிச்சன், அதாலதான் அவன் செத்தவன்” என்று ஒரு பிள்ளை என்னிடம் சொல்லியிருக்கிறது. கேட்டால் பதில் சொல்லுங்கள், கேட்காவிட்டால் துருவாதீர்கள். “ஓம் மனே, அவன் செத்துத்தான் போனான். உன்னால இல்ல. நாங்க இஞ்சதான் இருக்கிறம்.” ஒன்பது வயதுக்கு இந்த மூன்று வசனம் போதும். ஐந்து வயதுக்கு இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம், ஆனால் “நித்திரை கொள்ளுறான்” என்று மட்டும் சொல்லக்கூடாது. பிறகு பிள்ளை நித்திரைக்கே பயப்படும்.

ஒருநாள் குழுவின் வழி இதற்கு நேர் எதிர். எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாக இருத்தி, ஒவ்வொருவராகக் கண்டதைச் சொல்லவைத்து, “மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும்” என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கொடுமை நடந்த கையோடு எல்லாரையும் அழைத்து ஒரே அமர்வில் விவரிக்கவைக்கும் இந்த முறையைச் செய்ய வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஏன் என்பதை ஒரு வகுப்பறைக்குள் நின்று பார்த்தால் விளங்கும். வட்டத்தில் இருக்கும் இருபது பிள்ளைகளில் மூன்று பேர்தான் கண்ணால் கண்டவர்கள். அந்த மூவரும் சொல்லி முடிக்கும்போது மற்றப் பதினேழு பேரும் கண்டவர்களாகி விடுகிறார்கள். சொன்ன மூவரும் நெஞ்சு படபடக்க வீட்டுக்குப் போகிறார்கள், அன்றிரவு அவர்களுக்கு ஆறுதல் சொல்லக் குழு ஊரில் இல்லை.

அந்த முறையின் இடத்தில் இப்போது வைக்கப்படுவது உளவியல் முதலுதவி. உலக சுகாதார நிறுவனமும் வேறு இரு அமைப்புகளும் 2011இல் இதற்கென்று ஒரு கைநூல் வெளியிட்டன. அதன் சாரம் பார், கேள், இணை என்பதுதான். ஆருக்கு என்ன தேவை என்று பார்ப்பது, சொல்ல வந்தால் கேட்பது, வேண்டிய உறவோடும் உதவியோடும் இணைத்துவிடுவது. பசித்த பிள்ளைக்குச் சாப்பாடும் தவறிய பிள்ளைக்குத் தாயும் முதலில். இதற்கு மருத்துவராக இருக்கத் தேவையில்லை. வாசல் காவலாளியும் செய்யலாம். முதல் மாதத்துக்கு, என் கண்ணில், இதற்கு மேல் ஒன்றும் அவசரமில்லை.

அம்மம்மாவின் நூலை நான் தடுக்கவில்லை. இதில் படித்தவர்கள் பலர் என்னோடு முரண்படுவார்கள். வெருண்ட பிள்ளைக்குத் தண்ணீர் ஓதிக் கொடுப்பதும், விபூதி போடுவதும், பாதிரியார் தலையில் கைவைத்துச் செபிப்பதும், பள்ளிவாசலில் ஓதி ஊதுவதும் எங்கள் ஊரில் மூன்று சமயத்துக்கும் பொது. அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குடும்பம் முழுக்க ஒரு பிள்ளையைச் சுற்றி நிற்கிறது. “பயந்துபோனாய், இது உனக்கு நடந்தது, இனிப் போய்விடும்” என்று ஊரறியச் சொல்கிறது. ஒருவர் மெதுவான குரலில், ஒரே தாளத்தில், திரும்பத் திரும்ப ஏதோ சொல்கிறார். பிள்ளையின் மூச்சு தானாக இறங்குகிறது. யாழ்ப்பாணத்தில் போர்க்கால மனவடுக்களோடு நெடுங்காலம் வேலைசெய்த உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஜபம், முஸ்லிம்களின் திக்ர், கத்தோலிக்கரின் ஜெபமாலை, பௌத்தரின் ஆனாபானசதி என்ற மூச்சுத் தியானம், யோகத்தின் சாந்தி ஆசனம் போன்ற அவரவர் மரபில் உள்ள அமைதிப்படுத்தும் வழிகளையே ஆற்றுப்படுத்தலுக்குள் கொண்டுவர வேண்டும் என்று வலியுறுத்தியவர். நூல் கட்டுங்கள். ஆனால் “பேய் பிடித்திருக்கு, அடித்துத்தான் கலைக்க வேணும்” என்று ஒருவர் சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். மாதக்கணக்கில் கழிப்புக் கழித்துக்கொண்டு மற்ற உதவியைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

குளிசை பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டல், கொடுமைக்குப் பிந்திய முதல் மாதத்தில் பிள்ளைகளின் பதற்றத்துக்கோ நித்திரையின்மைக்கோ பென்சோடயசெபின் எனப்படும் நித்திரை, பதற்றக் குளிசை வகை மருந்து கொடுக்க வேண்டாம் என்கிறது. பிறகு மனவடு நோய் என்று உறுதியானாலும் மனச்சோர்வு மருந்துகளைப் பிள்ளைகளுக்கு அதற்கென்று கொடுக்க வேண்டாம் என்கிறது. பக்கத்து வீட்டுக் குளிசையைத் தொடவே தொடாதீர்கள். வேறு காரணத்துக்காக உளநல மருத்துவர் பிள்ளையை நேரில் பார்த்து ஒரு மருந்து எழுதினால் அது தனிக் கதை. அதைச் சொல்லாமல் நிறுத்தவும் கூடாது.

இனி ஒரு மாதம் கடந்தும் தெளியாத பிள்ளைகள். கனவு நிற்கவில்லை, ஒரு தெருவுக்குள்ளேயே போக மறுக்கிறது, விளையாட்டில் அதே வெடிப்பையே திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுகிறது, அல்லது ஒன்றுமே உணராத மரக்கட்டை போல ஆகிவிட்டது. இங்கேதான் உண்மையான தெரிவு தொடங்குகிறது, இங்கேதான் எங்கள் மண்ணிலேயே செய்து பார்த்த ஆய்வுகளும் கைகொடுக்கின்றன. போரும் சுனாமியும் எங்கள் பிள்ளைகளை உலகத்துக்கு ஆய்வுப் பொருளாக்கின. அந்த வலிக்குக் கிடைத்த அறிவையாவது நாம் பயன்படுத்த வேண்டாமா?

அதிபர்மாருக்கு மிகவும் பிடித்த தெரிவு வகுப்பறை நிகழ்ச்சி. விளையாட்டு, பாட்டு, நாடகம், படம், குழுப் பேச்சு என்று ஐந்து கிழமையில் பதினைந்து அமர்வு. ஒரு பிள்ளையையும் தனியே பிரித்துக் காட்டத் தேவையில்லை, செலவும் குறைவு. யாழ்ப்பாண மாவட்டத்தில் 399 பிள்ளைகளிடம் இதை முறையாகச் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். எதிர்பார்த்த முக்கியமான விடயங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பலன் தெரியவில்லை. நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. ஆண் பிள்ளைகளுக்கும் வயதில் குறைந்தவர்களுக்கும் சில விடயங்களில் கூடுதல் பலன் இருந்தது. என்னை உலுக்கியது வேறு இரண்டு. நாளாந்த வாழ்க்கையில் போரின் நெருக்கடி குறைந்திருந்த பிள்ளைகளுக்குத்தான் இது நன்றாக வேலை செய்தது. நிகழ்ச்சியில் பங்குபற்றிய பெண் பிள்ளைகளுக்கு மனவடு அறிகுறிகள், பங்குபற்றாமல் காத்திருந்த பெண் பிள்ளைகளுக்குக் குறைந்த அளவுக்குக்கூடக் குறையவில்லை.

இதை வாசித்த பிறகு நான் வகுப்பறை நிகழ்ச்சிகளைப் பார்க்கும் கண் மாறிவிட்டது. வேண்டாம் என்று சொல்லவில்லை. பாடசாலையை மீண்டும் பாடசாலையாக்க, சிரிப்பைத் திரும்பக் கொண்டுவர, அது நல்லது. ஆனால் வெளியே பயம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே பாட்டுப் பாடி அதைத் தீர்க்க முடியாது. பின்வரிசையில் சத்தமில்லாமல் இருக்கும் ஒரு பெண் பிள்ளை, கைதட்டு நடுவே தன் பயத்தை இன்னும் ஆழமாக ஒளித்துவிடக்கூடும். “எல்லாருக்கும் செய்தாயிற்று” என்று பதிவுப் புத்தகத்தில் எழுதி முடித்துவிடுவதுதான் இந்தத் தெரிவின் ஆபத்து. நிகழ்ச்சி நடத்தும் அதிபர் ஆரேனும் இதை வாசித்தால் ஒன்று கேட்கிறேன். அது முடிந்த மறுநாள், ஒரு ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியே ஐந்து நிமிடம் “ராவில நித்திரை வருதா?” என்று கேட்கட்டும்.

படம் கீறும் சனிக்கிழமை வகுப்போடு ஒப்பிட எங்கள் ஊரில் ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. 1996இல், போர் உச்சத்தில் இருந்தபோது, கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைக் குருவான அருட்தந்தை போல் சற்குணநாயகமும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்தார்கள், அதுவும் ஒருநாள் இரண்டு நாளல்ல, மாதக்கணக்கில். களிமண், நிறங்கள், மரங்கள், விலங்குகள், கதை, கூத்து. உனக்கு என்ன நடந்தது என்று அங்கே கேட்பதல்ல வழக்கம். மண்ணைப் பிசையும் கை தன் நேரத்தில் தன் கதையைச் சொல்லும் என்ற நம்பிக்கையில் நடந்தது அது. வார்த்தை வராத பிள்ளைக்கு, ஐந்தாறு வயதுக்குக் கீழே உள்ளதுக்கு, வாய் திறந்தால் ஆபத்து என்று போர் கற்றுக்கொடுத்த பிள்ளைக்கு, இதைவிடப் பொருத்தமான வாசல் எனக்குத் தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019க்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு சாராரின் பிள்ளைகள் முஸ்லிம் பெண்கள் உடுத்தும் அபாயாவைக் கண்டு பயந்தார்கள், மறுசாராரின் பிள்ளைகள் தங்கள் தாயை ஊர் பார்க்கும் பார்வையைக் கண்டு பயந்தார்கள். இந்த இரண்டு பயத்துக்கும் மருந்து தனியறையில் இல்லை. பக்கத்தில் இருந்து அதே களிமண்ணில் கைவைக்கும் மற்றப் பிள்ளையிடம்தான் இருக்கிறது.

ஆனால் பெயரளவில் இதே போன்றவை ஏராளம். வெள்ளைத் தாளும் நிறப் பெட்டியும் கொடுத்து, “நடந்ததைக் கீறு” என்று சொல்லி, கீறியதைப் படம் பிடித்து அறிக்கையில் போடுவதைக் கலைவழி ஆற்றுப்படுத்தல் என்கிறார்கள். அப்படியான இடத்துக்குப் பிள்ளையை அனுப்புவதைவிடக் கடற்கரையில் பட்டம் விட அனுப்பலாம். எப்படிப் பிரித்தறிவது? அங்கே வேலை செய்பவர்கள் அடுத்த வருடமும் இருப்பார்களா என்று கேளுங்கள். கீறிய படம் ஆரிடம் போகும் என்று கேளுங்கள்.

தேறாத பிள்ளைக்கு நான் முதலில் எண்ணுவது கயிறும் மூச்சும்: வாழ்க்கையை ஒரு கயிற்றின் வழியே வைத்துக் கதையாக்குவது ஒன்று, மூச்சைக் கவனித்து உடம்பைத் தளர்த்துவது மற்றது. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு எங்கள் வடகிழக்கிலேயே நடந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஒரு முகாமில், ஏற்கெனவே போரையும் கண்டிருந்த 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஒரு பகுதிக்குக் கிட்நெட் எனப்படும் வாழ்க்கைக் கதை முறையில் ஆறு அமர்வும், மறு பகுதிக்குத் தியானமும் உடல் தளர்த்தலும் ஆறு அமர்வும் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை முறையில் 81 வீதமும், தியான முறையில் 71 வீதமும் நோயிலிருந்து விடுபட்டிருந்தார்கள். பத்து வீத வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறதா? 31 பிள்ளைகளில் அது ஓரிரு பிள்ளைகள். முறைகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே ஆய்வாளர்களும் எழுதினார்கள். ஒன்றுமே கொடுக்காத மூன்றாவது பகுதி அதில் இல்லை, ஆகவே எவ்வளவு முறையால், எவ்வளவு காலத்தால் என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. என் மனதுக்குப் பெரிதாகப் பட்டது வேறு. வெளிநாட்டு நிபுணர் இல்லாமல், ஊர் ஆட்களின் கையாலேயே ஆறு அமர்வில் இரண்டும் நடந்தது.

அப்படியானால் எதைத் தெரிவது? மூச்சு முறைக்குக் கைதேர்ந்தவர் தேவை குறைவு. பிழையாகச் செய்தாலும் பெரிதாகக் கெடாது. தாயே இரவில் செய்யலாம்: பிள்ளையின் வயிற்றில் ஒரு சிறு பொம்மையை வைத்து, அது தோணி போல மெல்ல ஏறி இறங்குவதைப் பார்க்கச் சொல்லுங்கள். பயிற்சி பெற்றவர் கிடைக்காத இடத்தில் இதுதான் என் தெரிவு. கதை முறைக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் கட்டாயம் வேண்டும். பாதியில் விட்டால் புண்ணைத் திறந்துவிட்டுக் கட்டாமல் போவது போல. ஆனால் ஆள் இருந்தால், ஏழு எட்டு வயதுக்கு மேற்பட்ட, திரும்பத் திரும்ப அந்தக் கணத்திலேயே சிக்கி நிற்கும் பிள்ளைக்கு, நான் கதையைத்தான் தெரிவேன். பயம் போகாததற்குக் காரணம், அந்த நாள் அவனுக்கு இன்னும் “நடந்தது” ஆகவில்லை என்பதே. அது நடந்துகொண்டே இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் வைத்து, அதை ஒரு நாளாக்க வேண்டும்.

உளநலப் பிரிவுகளில் கிடைத்தால், பெற்றோரையும் சேர்த்துச் செய்யும் மனவடு சார்ந்த அறிதல் நடத்தைச் சிகிச்சையும் இதே வழியில்தான் போகிறது. உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குப் பரிந்துரைப்பவற்றில் அதுவும் ஒன்று, கண்ணசைவு வழிச் சிகிச்சை (EMDR) இன்னொன்று. எங்கள் பக்கத்தில் இவற்றில் முறையாகத் தேர்ந்தவர்கள் மிகக் குறைவு. கிடைத்தால் விடாதீர்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1926 தேசிய உளநல உதவி இலக்கம். வீட்டில் பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929.

அந்தப் பையனுக்கு ஜூன் வந்தும் கனவு நிற்கவில்லை. தாயோடு கதைத்து, அவனையும் கேட்டு, கயிற்றை எடுத்தோம்.

செய்வது இப்படி. நிலத்தில் ஒரு நீளக் கயிறு. ஒரு நுனி பிறந்த நாள், மறு நுனி இன்று; மிச்சம் சுருட்டியபடியே கிடக்கும், அது இனி வரப்போவது. நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். பாடசாலை மதிலோரம் பொறுக்கிய செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும், முற்றத்துக் கற்களும் தட்டில் இருந்தன. அவன் தங்கச்சி பிறந்ததற்கு ஒரு பூ வைத்தான். நாய்க்குட்டி வந்ததற்கு இரண்டு. பிறகு கற்களைக் கிளறி, கையளவு கல்லொன்றைக் குண்டு வெடித்த நாளுக்கு வைத்தான். முடிந்தது என்று நினைத்தேன். அவன் இன்னும் தேடினான். தட்டிலேயே பெரிய கல்லை இரண்டு கையாலும் தூக்கி, அந்தக் கல்லுக்கு ஒரு சாண் இப்பால் வைத்தான்.

“இது என்ன?”

“அப்பா அடிச்ச நாள்.”

பாயில் சலம் போனதற்கு. “பெடியனா இருந்துகொண்டு...” என்று தொடங்கி, தென்னம் ஈர்க்கில் எடுத்து.

அந்தத் தகப்பன் கெட்டவரில்லை. அவருக்கும் நித்திரை இல்லை. மகனைக் காப்பாற்றத் தெரியாத தவிப்புக் கைவழியே வந்தது. ஆனால் பிள்ளைக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று அந்தக் கல் சொன்னது. வடகிழக்குத் தமிழ் மாணவர் 296 பேரிடம் செய்து 2008இல் வெளியான ஆய்வொன்றில், நூற்றுக்கு 95க்கு மேற்பட்ட பிள்ளைகள் வீட்டு வன்முறை ஏதோ ஒன்றையாவது கண்டதாகச் சொன்னார்கள். போரும் சுனாமியும் மட்டுமல்ல, வீட்டுக்குள் நடப்பதும் அவர்களுடைய மனவடுவோடு தொடர்புபட்டிருந்தது; தகப்பனின் குடி அந்த வீட்டு வன்முறையோடு தொடர்புபட்டிருந்தது. எந்தத் தெரிவை எடுத்தாலும் வீடு பயமாக இருந்தால் அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர். உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டல் பாயில் சலம் போவதைத் தனியாக எடுத்துப் பேசுகிறது. தண்டித்தால் கூடும் என்பதைப் பெற்றோருக்கு விளங்கப்படுத்தச் சொல்கிறது. மருத்துவ நூலில் சின்ன விடயம், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதுதான் பெரிய கல்.

அடுத்த அமர்வுகளில் அந்த இரண்டு கல்லையும் மெல்ல மெல்லக் கதையாக்கினோம். எங்கே நின்றாய், கையில் என்ன இருந்தது, என்ன மணம், நெஞ்சுக்குள் எப்படி இருந்தது, இப்போது, இந்த அறையில், எப்படி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான் எழுதியதை அடுத்த முறை வாசித்துக் காட்டுவேன், அவன் திருத்துவான். “பச்சை சேட் இல்ல டீச்சர், நீலம்.” அந்தத் திருத்தம் வந்த நாளில் எனக்கு மனம் ஆறியது. அதற்கு முதல் கிழமை வரை அந்த இடத்துக்கு வந்தால் காதைப் பொத்துகிறவன் அவன்.

இன்னொரு தெரிவும் நடுவில் வந்தது. தகப்பன் அவனைத் தேவாலயத்துத் தெருவால் கூட்டிவராமல் தினமும் சுற்றுவழியால் கொண்டுவந்தார். அன்பினால் செய்ததுதான். முதல் மாதம் அதில் பிழையில்லை. நாளாக ஆகத் தவிர்க்கும் தெரு ஒவ்வொன்றாகக் கூடியது, பிறகு சந்தையும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம் என்றானது. தவிர்த்தால் அந்த நேரத்துக்கு நிம்மதி; ஆனால் “நல்ல காலம், போகாததால் தப்பினேன்” என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலில் நிறுத்துவது அதைவிட மோசம். நடுவழி ஒன்று உண்டு: தெரு முனைவரை போய், மூச்சு இறங்கும்வரை நின்று, திரும்புவது. மறுமுறை இன்னும் பத்துக் கவடு. எப்போது திரும்புவது என்பதைப் பிள்ளை சொல்லட்டும். தாய் இரண்டு கிழமை அப்படிச் செய்தா.

ஆறாவது அமர்வுக்கு முன் அவனிடம் கேட்டேன், முழுக் கதையையும் வாசிக்கும்போது அப்பாவும் வந்து கேட்கலாமா என்று. கொஞ்ச நேரம் யோசித்தான். “அம்மாவும் வந்தா ஓம்” என்றான்.

வாசித்தேன். தங்கச்சி, நாய்க்குட்டி, வெடிச் சத்தம், ரியூசன் வாங்கில் காலியான இடம், ஈர்க்கில். தகப்பன் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்து நான் கயிற்றைச் சுருட்டக் குனிந்தபோது கையால் மறித்தார். தானே குந்தி, அந்தப் பெரிய கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பையன் பக்கத்தில் வந்து நின்றான்.

அதற்கடுத்த திங்கட்கிழமை இருவரும் பழைய தெருவால் நடந்து வந்தார்கள். பாதித் தெருவில் நின்று, மூச்சு இறங்கும்வரை காத்திருந்து வந்ததாகப் பையன் சொன்னான். அதனால் முதல் மணிக்குப் பிந்திவிட்டார்கள்.